அப்புச்சியின் பதக்கம் எங்கே?

(இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "லேத் மெஷின் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "போன வருஷமும் அதேதான் வந்துச்சு, வேற ஏதாச்சும் எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டில் கடந்த ஒரு வருஷமாக நடந்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். நம் வகுப்பிலேயே பட்டாளத்துக்குப் போன தாத்தாவோ பெரியப்பாவோ உள்ளவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காவது இது உபயோகப்படும்.

என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி 1969-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1984-ல் பென்ஷனில் ஊருக்கு வந்தார். 1971 டிசம்பர் போரின்போது மேற்கு எல்லையில் இருந்தார். எங்கள் வீட்டுச் சுவரில் அவர் யூனிபாரத்தில் நிற்கும் போட்டோ ஒன்று உண்டு. நெஞ்சில் கலர் கலராகச் சின்னப் பட்டைகள் இருக்கும். சின்ன வயதில் அது சட்டையிலேயே தைத்து வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் குடியரசு தினத்துக்குப் பக்கத்தில் ஒரு விழாவுக்கு முன்னாள் படைவீரர்களைக் கூப்பிட்டார்கள். பதக்கங்களை அணிந்து வரும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்புச்சி வெள்ளைச் சட்டையில் சும்மா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு பதக்கம்தான் இருந்தது.

"பட்டை மட்டுந்தான் கண்ணு அப்பக் குடுத்தாங்க. வில்லை பின்னால வரும்னாங்க. அதுக்குள்ள நான் ஊருக்கு வந்துட்டேன். அதுக்கெல்லாம் டெல்லிக்கு எழுதோணுமாமா. யாரு எழுதறது?"

எங்கள் வீட்டில் இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்த இங்கிலீஷும் தட்டுத் தடுமாறித்தான் வரும். இருந்தாலும் எழுதினேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதக்கம் என்றாலே பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா என்று நினைத்துவிடுகிறோம். அவை வீரதீரச் செயலுக்கு உரியவை. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர் கொடுத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. இந்த மாதிரி விருதுகள் அரசிதழில் வெளியாகும். கூடவே பணமும் உண்டு. நான் எழுதுவது இவற்றைப் பற்றியல்ல. 'இன்ன காலத்தில் இன்ன இடத்தில் பணியில் இருந்தார்' என்பதற்காகச் சாதாரண சிப்பாய்க்கும் சமையல்காரருக்கும் டிரைவருக்கும் கொடுக்கும் பதக்கங்களைப் பற்றி எழுதுகிறேன். இவற்றுக்குப் பைசா கிடையாது. நான் இதற்காக அலைந்தபோது, "எவ்வளவு வரும்?" என்று கேட்காதவர்களே இல்லை. ஒன்றும் வராது என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இந்த வகையில் எத்தனை இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1962 சீனப் போரில் இருந்தவர்களுக்கு 'லடாக் 1962', 'நேஃபா 1962' என்று பட்டையில் மாட்டும் தகட்டோடு ஜெனரல் சர்வீஸ் மெடல் உண்டு. 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் என்று இரண்டு. கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் மெடலும். 2001-02-ல் எல்லையில் படைகளைக் குவித்தபோது இருந்தவர்களுக்கு ஆபரேஷன் பராக்ரம் மெடல்.

அப்புச்சிக்கு முக்கியமானது 1971. கிழக்கே, அதாவது இன்றைய பங்களாதேஷ் பக்கம், போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். மேற்கே இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். இதோடு சங்கிராம் மெடல் என்று தனியாக ஒன்று உண்டு. 1972 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்த அத்தனை பேருக்கும் சுதந்திர வெள்ளி விழாப் பதக்கம். ஒன்பது வருஷம் முடித்தால் அதற்கு ஒன்று. ஆக, 1969 முதல் 1984 வரை இருந்த ஒரு சிப்பாய்க்கு எப்படியும் நாலு பதக்கம் வரவேண்டும். மலைப்பகுதியிலோ காஷ்மீரிலோ இருந்திருந்தால் சைன்ய சேவா மெடல் ஐந்தாவதாகச் சேரும். அப்புச்சியின் பெட்டியில் இருந்ததோ ஒன்பது வருஷப் பதக்கம் மட்டும்தான்.

மீதி ஏன் வரவில்லை? பதக்கத்துக்குத் தகுதி என்று ஆணை வந்தவுடனே பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம். உலோக வில்லை அப்படிச் சீக்கிரம் வருவதில்லை. நாணயச் சாலையில் அடித்து, ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ஒரு போர் முடிந்தால் லட்சக்கணக்கான பேருக்கு இப்படிப் பொறித்தாக வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பில் லெட்டர் பஞ்சை வைத்து ஒரு ஜாப்பில் ரோல் நம்பர் அடிக்கவே எத்தனை நேரம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும்! அதற்குள் ஆள் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார், அல்லது பென்ஷனில் வந்துவிடுவார். பிறகு வீடும் மாறிவிடும். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் பதிந்த முகவரி பழைய கிராமத்தினுடையது. அங்கே இப்போது எங்கள் சொந்தம் ஒருவர்கூட இல்லை.

இது பழைய கதை மட்டும் அல்ல. பல வருஷமாக நிலுவையில் கிடந்த சுமார் 17 லட்சம் பதக்கங்களுக்கு 2020 ஜூலையில்தான் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. அதுவரை வீரர்கள் கடையில் விற்கும் நகலை வாங்கி அணிவகுப்பில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆகவே உங்கள் தாத்தாவின் பதக்கம் வரவில்லை என்றால் அவருக்குத் தகுதி இல்லை என்று அர்த்தமில்லை. பாதி சமயம் யாரும் கேட்காததுதான் காரணம்.

சரி, யாரிடம் கேட்பது? டெல்லிக்கு அல்ல, அவரவர் ரெக்கார்டு ஆபீசுக்குத்தான் முதலில் எழுத வேண்டும். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் கோருக்கும் தனியாக ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. சிப்பாய் சேர்ந்த நாள் முதல் வந்த நாள் வரை எல்லாம் 'ஷீட் ரோல்' என்ற ஏட்டில் அங்கே இருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படைக்கு மும்பை மான்கூர்ட். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துடியலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஊட்டி பஸ் நம் மூக்குக்கு முன்னால்தான் போகிறது. அதில் ஏறி மேட்டுப்பாளையம், குன்னூர் தாண்டினால் வெலிங்டன்! அப்புச்சி இத்தனை வருஷமும் டெல்லியை நினைத்து மலைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஏடு இதே ரோட்டில் மேலே மலையில்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். நம் பக்கத்தில் சி.ஆர்.பி.எப். பயிற்சிக் கல்லூரி இருப்பதால், ராணுவ விஷயம் எல்லாம் அங்கேயே கேட்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள தனிப் படை. அங்கே வேலை பார்த்தவர்களின் ஏடு அவர்களிடம் இருக்கும். ராணுவத்தார் ஏடு அங்கே கிடைக்காது.

கடிதத்தில் கதை எழுதக்கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் நான் எழுதியது இரண்டு பக்கம். அப்புச்சி எப்படிக் குளிரில் காவல் காத்தார், என்ன சாப்பிட்டார் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவரிடமே படித்துக் காட்டினேன். "இதெல்லாம் எதுக்கு? நம்பரைப் போடு. நம்பர் இருந்தா ஆள் கிடைப்பான்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ராணுவ நம்பர், பதவி, பெயர், எந்த பட்டாலியன், சேர்ந்த தேதி, வந்த தேதி, எந்தெந்தப் பதக்கம் வரவில்லை, இப்போதைய முகவரி இவ்வளவு போதும். கூட டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலையும் பென்ஷன் ஆணையின் நகலையும் வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அதில் பெயர் எழுதியிருந்து கையில் வில்லை இல்லை என்றால் உங்கள் வேலை சுலபம். அதில் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 'பார்ட் டூ ஆர்டர்' என்று யூனிட்டில் அவ்வப்போது வெளியிடும் ஆணைகள் உண்டு. பதக்கத் தகுதி அதில் ஏறியிருக்கும். அதைத் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நம்பர் மறந்துபோய்விட்டது, புத்தகமும் இல்லை என்றால்? பென்ஷன் வாங்குபவர் என்றால் பாங்கிலோ ஸ்பர்ஷ் கணக்கிலோ இருக்கும் பென்ஷன் விவரத்தில் கிடைத்துவிடும். மருத்துவ அட்டையிலும் இருக்கும். பழைய கடிதங்களின் உறைகளையும் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போட்ட கடிதத்தில் நம்பர் இல்லாமல் முகவரியே எழுத மாட்டார்கள்.

பெயர் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தொல்லை. தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிவிடுகிறார்கள். பழனிச்சாமி என்றால் ராணுவத்தில் கடைசி எழுத்து 'ஐ', ஆதாரில் 'ஒய்'. ஓரிடத்தில் இன்ஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். பிறந்த தேதியும் அப்படியே. சேரும்போது வயது கேட்டால் கூடக் குறையச் சொன்னவர்கள் உண்டு! ராணுவ ஏட்டில் உள்ள பெயரையே கடிதத்தில் எழுதுங்கள். ஆதாரில் வேறுமாதிரி இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

வீரர் காலமாகிவிட்டால் குடும்பத்தார் கேட்கலாம். மனைவி இருந்தால் அவர் பெயரில் எழுதுவதே நல்லது. அவரும் இல்லையென்றால் பிள்ளைகள். இறப்புச் சான்றிதழும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். நமக்கு கோவை வடக்கு தாலூகா. இதில் எதற்கும் புரோக்கர் வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பழைய ஆட்கள் 'சோல்ஜர் போர்டு' என்பார்கள். விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்தி, அவர்கள் மூலமாகவே அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ரொம்ப நாள் பதிலே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் (2005) இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், 'இன்ன நம்பருள்ளவருக்கு எந்தெந்தப் பதக்கத்துக்குத் தகுதி, எவை அனுப்பப்பட்டன' என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும்.

அடுத்தது கொஞ்சம் வருத்தமான விஷயம். பென்ஷன் இல்லாமல் பாதியில் வந்துவிட்டவர்களின் ஏடுகளை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள். பிறகு விதிப்படி அழித்துவிடுவார்கள். எங்கள் வீதியில் ஒரு பாட்டியின் கணவர் ஏழு வருஷம் மட்டும் இருந்துவிட்டு விவசாயம் பார்க்க வந்தவர். அவர் காலமாகி ரொம்ப நாள் ஆயிற்று. நான் அப்புச்சிக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுக்காரருக்கும் ஒண்ணு எழுது சாமி" என்று வந்தார். பெட்டியில் இருந்த ஒரே ஆதாரம் பாதி கரையான் அரித்த டிஸ்சார்ஜ் புத்தகம். நல்ல வேளையாக நம்பர் இருந்த பக்கம் தப்பித்திருந்தது. ஷீட் ரோல் போனாலும் 'லாங் ரோல்' என்ற பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். அதில் விவரம் சுருக்கமாகத்தான் இருக்கும். அதை நம்பி எழுதிப் போட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

காகிதம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ராணுவ ஏடுகள் வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்தது. ஒரு கோடியே 60 லட்சம் முதல் ஒரு கோடியே 80 லட்சம் பேர் வரையிலான ஏடுகள் சாம்பலாகிவிட்டன. இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள் சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் பதக்கம் கேட்கின்றன. பிரிட்டனில் இன்னொரு விதம். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களுக்கு ராணுவத்தார் தாங்களாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே விட்டவர்கள் ஏராளம். அவர்கள் பேரப்பிள்ளைகள் இப்போது கேட்டு வாங்குகிறார்கள். ஆக, நாம் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி, 'வரவே வராத பதக்கம்' வேறு, 'வந்து தொலைந்த பதக்கம்' வேறு. இந்த வித்தியாசம் முக்கியம். வராதது என்றால் அது உங்களுக்குச் சேர வேண்டிய பொருள், விலை இல்லாமல் வரவேண்டும். தொலைந்தது என்றால் நகல்தான் கேட்க முடியும். எப்படித் தொலைந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், விலையும் கட்ட வேண்டிவரும். ஆகவே முதலிலேயே உண்மையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, அவர்கள் ஏட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று இருந்தால் சிக்கல்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வெலிங்டனிலிருந்து வந்த பதிலில் சங்கிராம் மெடலும் வெள்ளி விழாப் பதக்கமும் நிலுவை என்று இருந்தது. பஸ்சிமி ஸ்டார் மட்டும் கொடுத்தாகிவிட்டது என்று போட்டிருந்தார்கள். "அது வந்துச்சு, ஆனா காணாமப் போச்சு" என்று அப்புச்சி ஒப்புக்கொண்டார். எப்படி என்று கேட்டால் பேசவில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா வந்தார். "எழுது. நான்தான் பேரீச்சம்பழக்காரன்கிட்டப் போட்டுட்டேன்னு எழுது" என்றார்.

அந்தக் காலத்தில் பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் வண்டி வருமல்லவா? அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. பெட்டியிலிருந்த நட்சத்திரத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு கை பழம் வாங்கிவிட்டார். அது டோம்பாக் வெண்கலம், அதாவது தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. பார்த்தால் பித்தளை மாதிரியேதான் இருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேலாக அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

அப்புச்சி சிரித்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. எனக்கும் ரெண்டு பழம் கொண்டாந்து குடுத்தயே."

அம்மா உள்ளே போய்விட்டார். நான், 'குழந்தையால் தவறுதலாகப் பழைய உலோகத்தோடு விற்கப்பட்டது' என்று எழுதினேன். நகலுக்கான விண்ணப்பம் போயிருக்கிறது.

கடைகளில் விற்கும் நகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்டால் எந்தப் பதக்கமும் கிடைக்கும். மாட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. அவசரத்துக்கு வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வட்டப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அசலில் நம்பரும் பெயரும் இருக்கும், நகலில் வழவழவென்று ஒன்றும் இருக்காது. இன்னொருவர் பெயர் பொறித்த அசலைப் பழைய பொருள் கடையில் பார்த்தால் அது யாரோ ஒரு குடும்பம் பறிகொடுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்குப் பார்சல் வந்தது ஒரு புதன்கிழமை. ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் முடித்து நான் வீட்டுக்கு வரும்வரை அப்புச்சி அதைப் பிரிக்கவில்லை. மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு பதக்கம், இரண்டு பட்டை. நான் மெக்கானிக்கல் புத்தியை விடாமல் வெர்னியரை வைத்துச் சங்கிராம் மெடலை அளந்தேன், விட்டம் 35 மில்லிமீட்டர் வந்தது. அப்புச்சி அதை என் கையிலிருந்து வாங்கினார். அசோகச் சின்னம் இருந்த பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போய், விளிம்பை மெல்லச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"நம்பரு சரியாத்தான் போட்டிருக்கறாங்க" என்றார்.